மூன்று முறை சென்றேன், கதவு பூட்டியிருந்தது

மார்ச் 3, செவ்வாய்

துண்டறிக்கை அச்சாகி வந்துவிட்டது. கட்டைப் பிரித்ததும் விரலெல்லாம் கறுப்பு. என் கணவர் ஒன்றை எடுத்துக்கொண்டு சன்னலோரம் போனார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார், மூக்குக்கு இறக்கினார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா இதைப் படிச்சிட்டு யாரும் கை தட்ட மாட்டாங்க" என்றார். முப்பது வருடம் பள்ளி ஆய்வுக்கூடத்தில் சோதனைக் குழாய் கழுவியவர். எதையும் இரண்டு சொட்டு குறைத்துச் சொல்வதே அவர் பாராட்டு.

கை தட்ட அதில் என்ன இருக்கிறது? சாலை போடுவேன், விலையைக் குறைப்பேன் என்று ஒரு வரி கிடையாது. இந்த மாநிலத்தில் தேர்தல் நடத்தும் தலைமை அலுவலரையும் தேர்தலில்தான் தேர்ந்தெடுக்கிறோம். அவர் ஏதாவது ஒரு கட்சியின் பேரில் நின்று ஜெயித்து, காலையில் நடுவர், மாலையில் அந்தக் கட்சி மேடையில் பேச்சாளர். இது யாருக்குமே கோணலாகத் தெரிவதில்லை. எனக்கு இருபத்தாறு வருடம், வாக்காளர் பட்டியல் பிரிவில் உட்கார்ந்து தினமும் தெரிந்தது. ஓய்வு பெற்று இரண்டு வருடம் சும்மா இருந்து பார்த்தேன். முடியவில்லை. அந்தப் பதவிக்கே சுயேச்சையாக மனு போட்டுவிட்டேன்.

நான் கேட்பது கொஞ்சம்தான். நடத்துகிறவர் எந்தக் கட்சியிலும் இருக்கக் கூடாது. பத்துப் பெட்டிக்கு ஒரு பெட்டியை எல்லார் முன்னாலும் கையால் திரும்ப எண்ண வேண்டும். பட்டியலிலிருந்து ஒருவர் பெயரை எடுத்தால், எடுத்தது யார், ஏன் என்று அலுவலகச் சுவரில் ஒட்ட வேண்டும். அவ்வளவுதான்.

சின்னம் ஒதுக்கியதில் எனக்கு விழுந்தது பல் துலக்கும் பிரஷ். மகள் போனில் அரை நிமிடம் பேசவே இல்லை, சிரித்துக்கொண்டிருந்தாள். "பரவால்ல விடும்மா, காலையில எழுந்ததும் எல்லாரும் உன்னைத்தான் தொடுவாங்க."

மார்ச் 5, வியாழன்

பதினேழு வீடு. வலது கால் வீங்கிவிட்டது. ஒன்பது வீட்டில் துண்டறிக்கையை வாங்கியதும் பின்பக்கம் வெற்றாக இருக்கிறதா என்று திருப்பிப் பார்த்தார்கள், கணக்கு எழுத உதவுமாம்.

மார்ச் 9, திங்கள்

இன்று பழைய மில்லுக்குப் பின்னால் இருக்கும் தெரு. தபால்காரம்மாவும் வந்தார். தபால் இலாகாவில் ஓய்வு பெற்றவர், என்னுடன் சுற்றும் மூன்று பேரில் அவர்தான் உருப்படி. எந்த வீட்டு நாய் கடிக்கும், எந்த வீட்டு நாய் கத்த மட்டும் செய்யும் என்பது வரை அறிந்தவர்.

ஏழாம் எண்ணில் ஒரு பெண் தையல்காரர். ஐம்பது வயதிருக்கும். மிஷினை நிறுத்தாமலே துண்டறிக்கையை வாங்கி, ஒரு பார்வை பார்த்து, திருப்பிக் கொடுத்தார்.

"வேற யாருக்காச்சும் குடுங்க. எனக்குத்தான் ஓட்டே கிடையாதே."

ஏன் என்று கேட்டேன். ஆறு வருடம் முன்னால் பெயரை எடுத்துவிட்டார்களாம். இரண்டு தேர்தலில் வரிசையில் நின்று திரும்பியிருக்கிறார். "மொத தடவ ஒரு மணி நேரம் நின்னேன். உள்ள போனா, நீங்க இங்க இல்லைங்கறாங்க. இதோ நிக்கறேனேன்னேன். பட்டியல்ல நிக்கணும்மா, இங்க நின்னா போதாதுன்னு சொன்னாங்க." திரும்பச் சேர்க்க விண்ணப்பம் கொடுத்தும் பார்த்தாராம். ஒரு தடவை போட்டோ சரியில்லை, ஒரு தடவை தேதி தாண்டிவிட்டது. அதோடு விட்டுவிட்டார். "நான் மட்டும் இல்ல, இந்தத் தெருவுல பாதிப் பேரு இல்ல."

வீடு வீடாகக் கேட்டோம். அக்கம்பக்கத்தார் சொன்னதையும் சேர்த்து முப்பத்தெட்டுப் பேர். ஒரே தெரு, ஒரே மாதம்.

கொதித்தது. அதோடு ஒன்றையும் எழுதிவிடுகிறேன், யார் படிக்கப் போகிறார்கள்: உள்ளுக்குள் ஒரு சந்தோஷமும் இருந்தது. இத்தனை நாள் வாயால் சொன்னதற்கு முப்பத்தெட்டு சாட்சி.

மார்ச் 10, செவ்வாய்

நூலகக் கூட்டத்தில் மில் தெருவைப் பற்றிப் பேசினேன். முதல் தடவையாகக் கை தட்டினார்கள். "இதை எழுதின கை யாருடையதுன்னு எனக்குத் தெரியணும்" என்று மேசையைத் தட்டினேன். நிருபர் அதைக் குறித்துக்கொண்டார். என் கணவர் பின்வரிசையில் இருந்து கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். அவருக்கு அது பெரிய விஷயம்.

மார்ச் 12, வியாழன்

பழைய ஃபைலை யார் வேண்டுமானாலும் மனு கொடுத்துப் பார்க்கலாம். கொடுத்தேன். ரெக்கார்டு ரூமில் இன்னும் பழைய நண்பர்தான் இருக்கிறார். எங்கள் செக்‌ஷனில் அவருக்குப் 'பசை' என்று பெயர். எப்போதும் கையில் பசை டப்பா, ஒட்டாத லேபிளே அவரிடம் கிடையாது.

மனுவைப் பார்த்ததும் முகம் மாறியது. "அக்கா, இந்த ஃபைல் எதுக்கு? வேற வருஷம் எடுத்துத் தரேன், அதுலயும் நிறைய இருக்கு."

"இதுதான் வேணும்."

"தூசி அக்கா."

"நான் பாக்காத தூசியா?"

எடுத்து வந்து வைத்துவிட்டு, அவர் சன்னல் பக்கம் போய் வெளியே பார்த்துக்கொண்டு நின்றார்.

நான் கட்டைப் பிரித்தேன். முதல் ஃபாரம் ஏழாம் எண். 'முதல் முறை சென்றேன். கதவு பூட்டியிருந்தது.' நீல மை. 'இரண்டாம் முறை சென்றேன். கதவு பூட்டியிருந்தது.' கறுப்பு மை. மூன்றாவதும் நீலம்தான், ஆனால் வேறு பேனா, கொஞ்சம் தடித்த முனை. கீழே 'நேரில் சரிபார்த்தவர்' என்ற இடத்தில் கையெழுத்து.

என் கையெழுத்து.

முப்பத்தெட்டும்.

மார்ச் 13, வெள்ளி

இன்று எங்கும் போகவில்லை. கால் வலி என்று தபால்காரம்மாவிடம் சொன்னேன்.

மார்ச் 14, சனி

எழுதித்தான் ஆக வேண்டும்.

ஒரு பெயரை எடுப்பதற்கு முன் அந்த வீட்டுக்கு வெவ்வேறு நாளில் மூன்று முறை போக வேண்டும் என்பது விதி. அந்த வருடம் எங்களுக்கு வந்தது இரண்டாயிரத்துச் சொச்சம் ஃபாரம், பத்து நாள் கெடு. நடந்தே போனால் ஆறு மாதம் ஆகும். அதற்கு அலுவலகத்தில் ஒரு வழி இருந்தது, மேசை விசிட் என்பார்கள். உட்கார்ந்த இடத்திலேயே போய்வந்துவிடுவது. இதை யாரும் தப்பாகச் சொல்ல மாட்டார்கள். 'இன்னிக்கு எத்தனை தெரு போனீங்க?' என்று டீ குடிக்கும்போது கேட்டுக்கொள்வோம்.

அதிலும் நேர்த்தி உண்டு. மூன்று பேனா வேண்டும், ஒரே மையில் மூன்று தேதி எழுதினால் தணிக்கையில் மாட்டும். இரண்டாவது வரியை நின்றுகொண்டு எழுதியதுபோல் லேசாகச் சாய்க்க வேண்டும். ஃபாரத்தை நான்காக மடித்துப் பிரித்தால் பையில் வைத்து எடுத்துப் போனது போலிருக்கும். இந்த மடிப்பு யோசனை என்னுடையது. சூப்பரின்டெண்ட் மெச்சிக்கொண்டார். எனக்குப் பெருமையாக இருந்தது, நினைவிருக்கிறது.

மில் தெருக் கட்டு வந்தபோது அவர்தான் சொன்னார், "மில்லு மூடியாச்சு, எல்லாரும் போயிருப்பாங்க, தைரியமா எழுதுங்க." எழுதினேன். ஒரு மத்தியானம், முப்பத்தெட்டு. மின்விசிறி ஓடவில்லை, நல்ல வெயில், வேலையை முடித்துவிட்டுச் சீக்கிரம் கிளம்பினேன். இரண்டாயிரத்தில் முப்பத்தெட்டு, அன்று கட்டைப் பிரிக்கும்வரை நினைவிலேயே இல்லை.

அவருக்கு யாராவது கட்சிக்காரர் சொல்லியிருப்பாரா? இரண்டு நாளாக அப்படி இருக்கக் கூடாதா என்று ஆசையாக இருக்கிறது. ஒரு சதிகாரன் கிடைத்தால் எவ்வளவு வசதி! கிடைக்கவில்லை. அவர் இறந்தும் மூன்று வருடம் ஆகிறது. அங்கே இருந்தது நானும் மூன்று பேனாவும்தான்.

'இதை எழுதின கை யாருடையது?' நூலகத்தில் மேசையைத் தட்டினேனே. அதே கைதான் தட்டியது.

மார்ச் 16, திங்கள்

பசை போன் செய்தார். மெதுவான குரல், பக்கத்தில் யாரோ இருந்திருக்க வேண்டும்.

"அக்கா, புதுசா பேரு சேக்கணும்னா இப்ப முடியாது, அறுபது நாள் ஆகும், எலெக்‌ஷன் தாண்டிடும். ஆனா தப்பா எடுத்த பேரைத் திரும்பப் போட ஒரு விதி இருக்கு. எடுத்த ஆளே, நான் நேர்ல போகலைன்னு பிரமாணப் பத்திரம் எழுதிக் குடுக்கணும். பேரு போனவங்களும் அதுல கையெழுத்துப் போடணும். அப்படிக் குடுத்தா அன்னிக்கே சேத்துடலாம். இருபத்தேழாம் தேதி, சாயங்காலம் அஞ்சு மணி வரைக்கும்."

"இதுவரைக்கும் யாராவது அப்படிக் குடுத்திருக்காங்களா?"

"எவன் குடுப்பான்?" என்றார். பிறகு, "நீங்களும் குடுக்கணும்னு நான் சொல்லல அக்கா. விதி இருக்குன்னுதான் சொன்னேன்."

பத்திரம் வந்தால் நோட்டீஸ் பலகையில் ஒட்டுவார்கள். ஒட்டினால் மறுநாள் பத்திரிகை. நேர்மையான தேர்தல் வேண்டும் என்று வீடு வீடாகப் போகிறவள் ஒரு தெருவையே மேசையில் இருந்தபடி காலி செய்தவள் என்று.

பதினொரு நாள் இருக்கிறது.

மார்ச் 18, புதன்

கணவரிடம் சொல்லிவிட்டேன். காய் நறுக்கிக்கொண்டிருந்தவர் கத்தியைக் கீழே வைத்தார்.

நானே வாதாடினேன், நானே தீர்ப்பும் சொன்னேன். இப்போது சொன்னால் முப்பத்தெட்டுப் பேருக்கு ஓட்டு வரும். சொல்லாமல் ஜெயித்தால் மாநிலம் முழுக்க இந்த மாதிரி எத்தனை தெரு இருக்கிறதோ அத்தனையையும் சரி செய்யலாம். எது பெரிசு? கூட்டல் தெரிந்தவர்களுக்கே இது புரியும். இல்லையா?

"ஜெயிப்பியா?" என்று கேட்டார்.

"ஜெயிக்கவும் செய்யலாம்."

"நான் அதைக் கேக்கல. ஜெயிச்சதும் செய்வியான்னு கேட்டேன்."

எழுந்து போய்விட்டேன். வாசல் கதவைக் கொஞ்சம் வேகமாகவே சாத்தினேன்.

மார்ச் 20, வெள்ளி

மகளிடமும் சொன்னேன். அவள் அழுதாள். "அம்மா, அத்தனை பேரும் செஞ்சாங்க, உன்னை மட்டும் மாட்டிவிடுவாங்க. ப்ளீஸ், எதுலயும் கையெழுத்துப் போடாத." அந்தப் பேச்சு எனக்கு இதமாக இருந்தது. இரண்டு தடவை சொல்ல வைத்தேன்.

மார்ச் 21, சனி

பத்திரிகையில் கருத்துக்கணிப்பு. ஆளுங்கட்சிக்காரருக்கும் எதிர்க்கட்சிக்காரருக்கும் நடுவில் இரண்டு சதம்தான் வித்தியாசம். பிரஷ்ஷுக்குப் பதினாறு. பதினாறு! தபால்காரம்மா இரண்டு கையாலும் என் தோளைப் பிடித்து உலுக்கினார்.

பிற்பகலில் தையல்காரர் போன் செய்தார். நான்தான் எண் கொடுத்திருந்தேன்.

"ஏதாச்சும் ஆச்சாம்மா?"

"பாத்துக்கிட்டு இருக்கேன்."

"அவசரம் இல்ல. பக்கத்து வீட்டுக்காரங்களும் கேக்கறாங்க, அதான். நீங்க பேசினது பேப்பர்ல வந்ததை வெட்டிச் சுவத்துல ஒட்டி வெச்சிருக்கோம்."

மார்ச் 23, திங்கள்

வானொலி நிலையம். மூன்று வேட்பாளர்கள், ஒரு சின்ன அறை, காற்றே இல்லை. நன்றாகத்தான் பேசிக்கொண்டிருந்தேன். நடுவர் கட்சிக்காரராக இருந்தால் ஆட்டத்தில் தோற்றவன் தோல்வியை ஒப்புக்கொள்ள மாட்டான் என்றேன். எதிர்க்கட்சிக்காரரே தலையை ஆட்டினார்.

கடைசியில் ஆளுங்கட்சிக்காரர் சிரித்துக்கொண்டே கேட்டார். "அம்மா இருபத்தாறு வருஷம் அங்கதானே இருந்தாங்க. அப்ப எல்லாம் சுத்தமா இருந்துச்சா? இல்ல, அவங்க கை மட்டும் சுத்தமா?"

அவருக்கு ஒன்றும் தெரியாது, சும்மா வீசிப் பார்த்தார்.

"என் கையெழுத்துக்கு நான் பொறுப்பு. அதை யாரும் குறை சொன்னதில்லை" என்றேன்.

யாரும் குறை சொன்னதில்லை. உண்மைதான். பேச்சிலும் மடிப்பு வைக்கக் கற்றுக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் அவர் வானொலியை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டை போட்டிருக்கலாம்.

மார்ச் 25, புதன்

போனேன். தனியாக.

தையல்காரர் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். உட்காரவில்லை. உட்கார்ந்தால் வேறு ஏதாவது பேசிவிட்டு எழுந்துவிடுவேன் என்று பயம்.

"உங்க பேரை எடுத்தது நான்தான். நான் வரவே இல்ல. வந்ததா மூணு தடவ எழுதினேன்."

மிஷின் நின்றது. அவர் துணியைப் பார்த்துக்கொண்டிருந்தார், என்னைப் பார்க்கவில்லை. பிறகு, எந்த மாதம் என்று கேட்டார். சொன்னேன்.

"அந்த மாசம் பூரா நான் வீட்டுலதான் இருந்தேன். பஸ்ல இருந்து விழுந்து கால் உடைஞ்சு, இதோ இந்தக் கட்டில்ல படுத்திருந்தேன். எழுந்து போய்த் திறக்க முடியாதுன்னு கதவைத் தாழ் போடறதே இல்ல. யாராச்சும் வர மாட்டாங்களான்னு பாத்துக்கிட்டே கிடப்பேன்."

சுவரில் அந்தப் பத்திரிகைத் துண்டு. என் படம், வாய் திறந்தபடி.

பத்திரத்தைப் பற்றிச் சொன்னேன். எடுத்தது நான்தான் என்று எத்தனை நாளாகத் தெரியும் என்று கேட்டார். பொய் சொல்லத் தெம்பில்லை.

"பன்னெண்டாம் தேதியில இருந்து."

"நான் போன் பண்ணினப்பவே தெரியுமா?"

"தெரியும்."

அவர் மறுபடி மிஷினை ஓட்ட ஆரம்பித்தார். "பேப்பரை எடுத்துட்டு வாங்க, கையெழுத்துப் போடறேன்" என்றார், சத்தத்துக்கு நடுவில்.

மார்ச் 26, வியாழன்

நோட்டரி இரண்டு தடவை படித்துவிட்டு, "இது என்னன்னு தெரிஞ்சுதான் போடறீங்களா?" என்றார். போட்டேன். ஒரே பேனா.

தபால்காரம்மாவிடம் தெருமுனையில் நிறுத்திச் சொன்னேன். அவர் பையைத் தோள் மாற்றிக்கொண்டார். "யார் யாரு எங்க போயிட்டாங்கன்னு எனக்குத் தெரியும். நடங்க, பேச நேரமில்ல." மத்தியானம் முழுக்க அந்தத் தெருவிலும், அங்கிருந்து குடிபோனவர்களின் தெருக்களிலும் அலைந்தோம். அவர் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை, கதவு திறந்தவர்களோடு மட்டும் பேசினார்.

மார்ச் 27, வெள்ளி

ஐந்து மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது கவுண்டரில் கொடுத்தேன்.

முப்பத்தெட்டில் ஐந்து பேர் இந்த ஆறு வருடத்தில் இறந்துவிட்டார்கள். பதின்மூன்று பேர் மில் மூடியதுமே வேறு ஊருக்குப் போய்விட்டவர்கள். பார்க்காமல் எழுதியதில் பதின்மூன்று சரியாக இருந்திருக்கிறது! இரண்டு பேர் கையெழுத்துப் போட மாட்டோம் என்றார்கள். அதில் ஒருவர் கதவைப் பாதி திறந்து, "நீங்களே எடுப்பீங்க, நீங்களே வெப்பீங்க, நாங்க இடையில கையெழுத்துப் போடணுமா?" என்றார். நான்கு பேர் வேலையாக வெளியூரில். மிச்சம் பதினான்கு பேர் போட்டார்கள்.

அந்த நான்கில் ஒருவர் லாரி ஓட்டுகிறவர். எழுபதைத் தொடப்போகிறார், இன்னும் ஓட்டுகிறார். அவர் மனைவி சொன்னது காதிலேயே இருக்கிறது. "செவ்வாய்க்கிழமை காலையிலதான் லோடு ஏத்திக்கிட்டு போனாரு. பத்து நாளா வீட்டுல சும்மாதான் இருந்தாரு. கொஞ்சம் முன்னாடி வந்திருக்கக் கூடாதா?"

பத்து நாள். அந்தப் பத்து நாள் நான் என்ன செய்தேன் என்பது இந்த நோட்டிலேயே இருக்கிறது.

வெளியே வந்ததும் தபால்காரம்மா பையிலிருந்து மிச்சத் துண்டறிக்கைகளை எடுத்து என் கையில் வைத்தார்.

"நான் முப்பது வருஷம் ஒவ்வொரு கதவா தட்டினவ. மழையில, வெயில்ல. ஒரு நாளாச்சும் தட்டாம, தட்டினேன்னு எழுதியிருந்தா எனக்கு வேலை போயிருக்கும். நீங்க சொன்னது எல்லாம் சரிதான். இன்னமும் சரிதான். ஆனா உங்ககூட வர முடியாது."

போய்விட்டார். தடுக்க என்ன வாய் இருக்கிறது எனக்கு?

மார்ச் 30, திங்கள்

முதல் பக்கம். ஃபாரத்தின் படமே போட்டிருக்கிறார்கள், மூன்று மையும் கலரில். ஆளுங்கட்சிக்காரர், "இந்த அம்மாவா நடுவர்?" என்று கேட்டிருக்கிறார். எதிர்க்கட்சிக்காரர் வருத்தம் தெரிவித்திருக்கிறார், அது இன்னும் மோசம். என்னுடன் சுற்றிய மற்ற இரண்டு பேரும் இன்று வரவில்லை, போனும் எடுக்கவில்லை.

கேட்டில் யாரோ ஒரு பழைய பிரஷ்ஷைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். கணவர் அவிழ்த்துக் குப்பையில் போட்டார். "முள்ளே போச்சு, இதால என்ன தேய்க்க முடியும்?" என்றார். சிரிக்க வைக்கப் பார்த்தார். நான் சிரிக்கவில்லை, அழுதேன். நல்லா அழுதேன். எதுக்குடா சாமி இந்த வயசுல இந்த வேலைன்னு அழுதேன்.

ஏப்ரல் 2, வியாழன்

பசை வந்தார், வீட்டுக்குள் வரவில்லை. "என் பேரைச் சொல்லிடாதீங்க அக்கா. இன்னும் நாலு வருஷம் சர்வீஸ் இருக்கு." சொல்ல மாட்டேன் என்றேன். அவரும் ஒரு காலத்தில் நாளைக்கு ஆறு தெரு போனவர்தான்.

ஏப்ரல் 8, புதன்

விலகிக்கொள் என்று மகள் சொன்னாள். தேதி முடிந்துவிட்டது, விலகவும் முடியாது. துண்டறிக்கையின் பின்பக்கத்தில், மில் தெருவில் நான் செய்ததைக் கையால் எழுதி, அதோடு கொடுக்கிறேன். இன்று பதினொரு வீடு. ஒருவர் படித்துவிட்டு, "இதை எதுக்கு எங்ககிட்ட சொல்றீங்க?" என்றார். எடுத்தவர் பெயரை ஒட்ட வேண்டும் என்று நான்தானே கேட்டேன்? அதற்காகத்தான் என்றேன். அவர் கதவைச் சாத்தினார்.

ஏப்ரல் 19, ஞாயிறு

வாக்குப்பதிவு. நான் ஓட்டுப் போட்டுவிட்டு மில் தெருக்காரர்களின் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். வேட்பாளர் என்பதால் உள்ளே ஓர் ஓரத்தில் நிற்கலாம், வாயைத் திறக்கக் கூடாது.

பதினான்கு பேரில் பன்னிரண்டு பேர் வந்தார்கள். தையல்காரர் பத்து மணிக்கு வந்தார், நல்ல புடவை. அலுவலர் பட்டியலில் விரலை ஓட்டி, நிறுத்தி, பெயரைச் சத்தமாகப் படித்தார். அவர் "ஆமா" என்றார், தேவைக்கு மேல் சத்தமாக. என் பக்கம் திரும்பவில்லை.

பதினொரு மணிக்கு லாரிக்காரர். முந்தின நாள்தான் ஊர் திரும்பினாராம். தன் பெயரும் சேர்ந்துவிட்டது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அடையாள அட்டையைப் பிளாஸ்டிக் உறையிலிருந்து எடுத்து நீட்டினார். அலுவலர் பட்டியலை இரண்டு தடவை பார்த்தார். "இல்லைங்களே."

"நல்லா பாருங்க. சேத்துட்டாங்கன்னு சொன்னாங்க."

"பதினாலு பேரைத்தான் சேத்திருக்காங்க. நீங்க இல்ல."

பின்னால் வரிசை நெருக்கியது. அவர் அட்டையைத் திரும்ப உறைக்குள் போட முயன்றார், நுழையவில்லை. அப்படியே கையில் பிடித்துக்கொண்டு வெளியே போனார். பின்னாலேயே ஓடினேன்.

"தப்பு என்னோடது" என்றேன். "நான் பத்து நாள் முன்னாடியே வந்திருக்கணும்."

"நீங்கதான் அந்த அம்மாவா?" முகத்தை நன்றாகப் பார்த்தார். கோபப்படுவார் என்று நின்றேன். "சரி விடுங்க. அடுத்த தடவ பாத்துக்கலாம்" என்றார்.

அடுத்த தடவை நான்கு வருடம் கழித்து. திட்டியிருக்கலாம்.

ஏப்ரல் 21, செவ்வாய்

ஆளுங்கட்சிக்காரர் ஜெயித்தார். பிரஷ்ஷுக்கு இரண்டு சதம்.

ஏப்ரல் 29, புதன்

புதிய தலைமை அலுவலர் துணை அலுவலரை நியமித்திருக்கிறார். தன் பிரசாரத்தை நடத்தியவரையே. பத்திரிகையில் எட்டாம் பக்கம், நான்கு வரி. கணவரிடம் காட்டினேன். "உன் துண்டறிக்கை இன்னும் ரெண்டு கட்டு பரண் மேல இருக்கு" என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று நான் கேட்கவில்லை.

மே 14, வியாழன்

விசாரணை. என்மீது மட்டும்தான். மகள் சொன்னது நடந்தது.

நான் மத்தியானச் சாப்பாடு சாப்பிட்ட அதே அறை, மேசைக்கு மட்டும் பச்சைத் துணி விரித்திருந்தார்கள். விசாரணை அதிகாரி, வேறு யாரெல்லாம் இப்படிச் செய்தார்கள் என்று கேட்டார். "என்னுடையதை மட்டும்தான் சொல்ல முடியும்" என்றேன். அது நாகரிகமா, கோழைத்தனமா? பசையின் நான்கு வருடம் ஒரு பக்கம். அவர் எழுதிய தெருக்களில் இருப்பவர்கள் இன்னொரு பக்கம். எனக்கு இன்றும் தெரியவில்லை. தெரிந்ததுபோல் எழுத மாட்டேன்.

சாட்சி தையல்காரர். ஃபாரத்தில் உள்ள மூன்று தேதியையும் படித்துக் காட்டி, அன்று வீட்டில் இருந்தீர்களா என்றார்கள். "இருந்தேன். மூணு நாளும் இருந்தேன். யாரும் வரல." கையெழுத்துப் போட்டார். உத்தரவு தபாலில் வருமாம், ஆனால் என்ன என்பதை அதிகாரி இப்போதே சொல்லிவிட்டார். இனி ஆயுளுக்கும் தேர்தல் சம்பந்தமான எந்தப் பொறுப்புக்கும் நான் நிற்க முடியாது. வாக்குச்சாவடியில் ஏஜென்ட்டாகக் கூட உட்கார முடியாது. சரியென்று தலையாட்டினேன். விதியை நானே எழுதியிருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பேன்.

வெளியே பஸ் நிறுத்தத்தில் நாங்கள் இரண்டு பேர்தான். வெயிலுக்குப் பையைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு நின்றார். நான்தான் முதலில் பேச வேண்டும், என்ன பேசுவது? அவரே பேசினார்.

"ஒண்ணு சொல்லிடறேன். நான் உங்களுக்குப் போடல."

வாய் தானாக வந்தது. "அதெல்லாம் வெளிய சொல்லக் கூடாதும்மா. ரகசியம்."

"நீங்க கேக்கக் கூடாது. நான் சொல்லலாம். என் ஓட்டு." பையை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தார். அன்றைக்கு வீட்டில் பார்க்காத பார்வை. "உங்க பிரஷ் படத்துமேலதான் முத்திரையைக் கொண்டு போனேன். நீங்க நல்லதுதான் சொல்றீங்கன்னும் தெரியும். ஆனா அந்தக் கட்டில்ல கிடந்தது ஞாபகம் வந்துடுச்சு. கை வேற பக்கம் போயிடுச்சு."

"சரி" என்றேன். வலித்தது. தோற்றபோது வலித்ததைவிட, இன்று உள்ளே சொன்ன தீர்ப்பைவிட இது வலித்தது. அதோடு, இந்தப் பெண்மணி ஆறு வருடத்துக்கு அப்புறம் தன் கையால் ஒருவரை வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார், அந்த ஒருவர் நான் என்றும் தோன்றியது. அதில் ஒரு சந்தோஷம், பிடித்து வைத்துக்கொள்ள முடியாத அளவுக்குக் கொஞ்சம்.

பஸ் திருப்பத்தில் தெரிந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. இருபத்தாறு வருடம் யாரிடமும் கேட்காததை, கேட்கவே கூடாததைக் கேட்டுவிட்டேன்.

"அப்ப யாருக்குப் போட்டீங்க?"

"அது ரகசியம்" என்று சொல்லிவிட்டு அவர் பஸ்ஸில் ஏறினார்.